இலை போட்ட பிறகு எழுப்பலாமா? லினக்ஸ் ஆட்டக்காரர்களும் கேம் கம்பெனிகளும்

கேள்வி இது: "நான் விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில்தான் கேம் ஆடுகிறேன். மூன்று வருடம் ஒழுங்காக ஓடிய ஓர் ஆன்லைன் ஆட்டம், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு என்னை உள்ளேயே விடவில்லை. கேட்டால் விண்டோஸ் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆள் குறைவு என்பதற்காக எங்களை இப்படி நடத்தலாமா? கேம் கம்பெனிகளுக்கு எங்களிடம் எந்தக் கடமையும் கிடையாதா?"

கடமை உண்டு. ஆனால் நாம் வழக்கமாகத் தேடுகிற இடத்தில் அது இல்லை.

லினக்ஸ்காரர்கள் கூடினால் முதலில் எழும் குரல், "எங்களுக்கும் போர்ட் பண்ணிக் கொடு" என்பது, அதாவது ஆட்டத்தை லினக்ஸிலும் ஓடும்படி மாற்றித் தரச் சொல்வது. கேட்கலாம், கெஞ்சலாம், கையெழுத்து வேட்டைகூட நடத்தலாம். உரிமை என்று மட்டும் சொல்ல முடியாது. ஒருவர் தன் ஆட்டத்தை விண்டோஸுக்கு மட்டும் எழுதினால் அது அவர் இஷ்டம். கல்யாணத்துக்கு அழைக்காதவரிடம் வருத்தப்படலாம், சண்டைக்குப் போக முடியாது. ஆனால் அழைத்து, பந்தியில் உட்கார வைத்து, இலையும் போட்டுவிட்டு, "நீங்க கொஞ்சம் எழுந்திருங்க" என்றால்? நம் ஊரில் அது எத்தனை தலைமுறைப் பகையாகும் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது சோனியின் கதை. கம்ப்யூட்டர் கேம் அல்ல, கன்சோல் விவகாரம்தான். 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதில் 'அதர் ஓஎஸ்' என்றொரு வசதி இருந்தது. ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கி லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அதற்காகவே வாங்கியவர்கள் இருந்தார்கள். அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் 1,760 பெட்டிகளை இணைத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. 2009இல் வந்த ஸ்லிம் மாடலில் சோனி அந்த வசதியை வைக்கவில்லை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. புதுப் பெட்டி, புது நிபந்தனை, தெரிந்துதான் வாங்குகிறீர்கள். ஆனால் 2010 ஏப்ரல் 1 அன்று (தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நிஜம்தான்) 3.21 என்ற ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வந்து, ஏற்கெனவே விற்ற பெட்டிகளிலிருந்தும் அதைப் பிடுங்கிக்கொண்டது.

அப்டேட் போடாமல் விட்டால் என்ன? விடலாம். விட்டால் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடியாது, ஆன்லைனில் ஆட முடியாது, புது ஃபர்ம்வேர் கேட்கும் கேம்கள் ஓடாது. லினக்ஸ் வேண்டுமா கேம் வேண்டுமா, ஒன்றை எடுத்துக்கொள். காசு கொடுத்ததோ இரண்டுக்கும் சேர்த்து.

சோனி சொன்ன காரணம் பாதுகாப்பு. அது முழுப் பொய்யும் அல்ல. அந்த ஜனவரியில்தான் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் லினக்ஸ் பக்கத்திலிருந்து புகுந்து பெட்டியின் காவலை உடைத்திருந்தார். இருந்தும் வாங்கியவர்கள் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 2016இல் ஒரு சமரசம் வந்தது, நீதிபதி அதை ஏற்கவில்லை. 2018இல் இன்னொன்று: மொத்தம் 37.5 லட்சம் டாலர், ஆளுக்கு அதிகபட்சம் 65 டாலர். பெட்டி வெளிவந்தபோது விலை 499 அல்லது 599 டாலர். எட்டு வருடம் அலைந்து கிடைத்தது பாப்கார்ன் காசு என்று நீங்கள் சிரிக்கலாம். அது தீர்ப்பும் அல்ல, சமரசம்தான். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவானது. 'பாதுகாப்பு' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை தானாக வந்துவிடாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பாருங்கள்.

ராக்கெட் லீக் ஆட்டத்தைச் செய்த சயோனிக்ஸ் 2016இல் லினக்ஸ் பதிப்பு கொடுத்தது. 2019இல், ஃபோர்ட்நைட் ஆட்டத்தைச் செய்த எபிக் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2020 ஜனவரியில், மார்ச்சோடு மேக், லினக்ஸ் இரண்டுக்கும் ஆன்லைன் ஆட்டம் நின்றுவிடும் என்று அறிவிப்பு. டைரக்ட்எக்ஸ் (விண்டோஸின் கிராஃபிக்ஸ் நிரல்தொகுப்பு) 9இலிருந்து 11க்கு மாறுகிறோம், மேக்கும் லினக்ஸும் சேர்ந்து ஆடுகிறவர்களில் 0.3 சதவீதம்கூட இல்லை என்றார்கள். எல்லோரும் கொதித்தோம். நானும்தான். இன்று திரும்பிப் பார்த்தால் அவர்கள் மற்ற பலரைவிட நாகரிகமாகவே நடந்துகொண்டார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே சொன்னார்கள், காரணத்தையும் கணக்கையும் வெளியில் வைத்தார்கள், எத்தனை மணி நேரம் ஆடியிருந்தாலும் காசு திருப்பிக் கொடுக்க வழி செய்தார்கள். இலையை எடுத்தார்கள், ஆனால் மொய்ப் பணத்தைக் கையில் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். பேட்மேன்: ஆர்க்கம் நைட் விஷயத்திலும் இப்படித்தான். லினக்ஸுக்கு வருகிறது என்று முன்பதிவு வாங்கிவிட்டு, 2016 பிப்ரவரியில் கைவிட்டார்கள், முன்பதிவுப் பணம் திரும்பியது. 2007இல் வந்த அன்ரியல் டோர்னமென்ட் 3க்கு அதுகூட இல்லை. லினக்ஸ் பதிப்பு வரும், வரும் என்றார்கள், வரவேயில்லை. வரவில்லை என்று ஒழுங்காகச் சொல்லக்கூட ஆளில்லை. எனக்கு இன்றும் உறுத்துவது அந்த மௌனம்தான்.

இனி உங்கள் கேள்வியின் நடு மையத்துக்கு வருகிறேன். இன்று லினக்ஸ்காரர்கள் வெளியே தள்ளப்படுவது பெரும்பாலும் ஆன்டி-சீட், அதாவது ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் காவல் மென்பொருள், என்ற பெயரில். இதில் இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

அழுகுணி ஆட்டம் ஆடுகிறவன் என்ன செய்கிறான்? ஆட்டத்தின் நினைவகத்தைப் படித்து, சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியைப் பார்க்கிறான், குறி தானாக விழும்படி செய்கிறான். அந்தக் கள்ள மென்பொருள் விண்டோஸின் உள்மையமான கெர்னலுக்குள் போய் ஒளிந்துகொண்டால், மேலே சாதாரண புரோகிராமாக ஓடும் காவலாளிக்கு அது கண்ணில் படாது. அதனால் காவலாளியையும் கெர்னலுக்குள் இறக்கினார்கள். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ஆட்டத்தைச் செய்த ரயட்டின் வேன்கார்ட் அப்படிப்பட்டது. விண்டோஸில் இது ஓரளவு வேலை செய்வதற்குக் காரணம், கெர்னலுக்குள் போகும் டிரைவர் நிரலுக்கு மைக்ரோசாஃப்ட் கையெழுத்து வேண்டும். லினக்ஸில் அந்தக் கதை இல்லை. கெர்னலின் மூல நிரல் உங்கள் கையில். நீங்களே மாற்றி, நீங்களே கம்பைல் பண்ணி, நீங்களே பூட் பண்ணலாம். காவலாளி எந்தத் தரையில் நிற்கிறானோ அந்தத் தரையையே வீட்டுக்காரன் மாற்றிப் போட முடியும். நமக்கு சுதந்திரமாக இருப்பது அவர்களுக்கு ஓட்டையாகத் தெரிகிறது. இதைக் கிண்டல் பண்ணி ஒதுக்கிவிட முடியாது, நிஜமான தொழில்நுட்பச் சிக்கல்.

ஆனால் வாதத்தின் மறுபாதியையும் பாருங்கள். கெர்னல் காவல் இருந்தும் விண்டோஸில் அழுகுணிகள் ஒழிந்தார்களா? இல்லை. இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து, பிசிஐ ஸ்லாட்டில் செருகும் டிஎம்ஏ கார்டு வழியாக, கெர்னலைத் தொடாமலே நினைவகத்தை நேரடியாகப் படிக்கிறார்கள். கெர்னலுக்குள் யாரையும் நம்பி இறக்குவதன் விலை என்ன என்பதை 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் காட்டியது. ஒரு தவறான அப்டேட், ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. அது கேம் அல்ல, பாதுகாப்பு மென்பொருள். கதவு மட்டும் அதே கதவு.

லினக்ஸுக்கு ஆன்டி-சீட்டே கிடையாது என்பதும் சரியல்ல. 2021 செப்டம்பரில் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு காவல் நிரல்களுமே புரோட்டானில் ஓட ஒப்புக்கொண்டன. (ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் கம்பெனி, விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டத் தரும் மென்பொருள்தான் புரோட்டான்.) கெர்னல் ஆழம் வரை போகாது, ஆனால் ஓடும். கம்பெனி தன் ஆட்டத்துக்கு அதை அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். எல்டன் ரிங், ஹேலோ தொகுப்பு எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன. இங்கே ஒரு வேடிக்கை. ஈஸி ஆன்டி-சீட் எபிக்கின் சொந்தச் சொத்து. ஆனால் எபிக்கின் ஃபோர்ட்நைட்டுக்கு லினக்ஸில் அனுமதி இல்லை. எபிக்கின் தலைவர் டிம் ஸ்வீனி 2022இல் சொன்ன காரணம், அந்த அளவு பெரிய ஆட்டத்தில் அழுகுணிகளைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லை என்பது. தன் கடைச் சரக்கைத் தானே சாப்பிடாத சமையல்காரர் என்று கேலி செய்தார்கள். என்னைக் கேட்டால் ஃபோர்ட்நைட் செய்தது தவறே இல்லை. அவர்கள் லினக்ஸ்காரரை ஒருநாளும் அழைக்கவில்லை. முடியாது என்றார்கள், காரணமும் சொன்னார்கள்.

ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் அப்படி அல்ல. 2022இல் ஸ்டீம் டெக் (லினக்ஸில் ஓடும் வால்வின் கையடக்கக் கேம் கருவி) வந்த சூட்டோடு ஈஸி ஆன்டி-சீட் அனுமதியைத் திறந்துவிட்டார்கள். அதாவது கம்பெனியே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டது. ஜனங்கள் வந்தார்கள், ஆடினார்கள், ஸ்கின்னுக்கு (ஆட்டப் பாத்திரத்தின் உடை, அலங்காரம்) காசு போட்டார்கள். 2024 அக்டோபர் 31 அன்று, அழுகுணிகளுக்கு லினக்ஸ் வழியாகிவிட்டது என்று சொல்லிக் கதவை மூடினார்கள், டெக்கும் சேர்த்து. அவர்கள் சொன்ன காரணம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆட்டம் இலவசம், வாங்கிய ஸ்கின்களும் அதே கணக்கில் இருக்கின்றன, விண்டோஸில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்காக யாராவது வாதாடலாம். பாதி சரி. மீதிப் பாதி, அந்த ஸ்கின்னை வாங்கியவர் விண்டோஸ் வைத்திருப்பார் என்ற எண்ணத்திலேயே அந்த வாதம் நிற்கிறது. அழைத்தவருக்குக் கதவை மூடும் உரிமையும் உண்டுதான். மூடும்போது கணக்கைத் தீர்க்கவும் வேண்டும்.

ஜிடிஏ ஆன்லைன் இன்னும் மோசம். 2024 செப்டம்பரில் பேட்டில்ஐயைச் சேர்த்தார்கள், லினக்ஸ்காரர்கள் வெளியே. ஸ்டீம் டெக்கில் ஜிடிஏ ஆன்லைனுக்கான பேட்டில்ஐ வேலை செய்யாது என்று ஆட்டத்தைச் செய்த ராக்ஸ்டார் விளக்கம் சொன்னது. பேட்டில்ஐ புரோட்டானில் ஓடத் தொடங்கி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது, மற்ற ஆட்டங்களில் ஓடிக்கொண்டும் இருந்தது. "நாங்கள் அனுமதிக்கவில்லை" என்பதை "அங்கே ஓடாது" என்று சொல்வதை நான் நேர்மை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தனியாக ஆடும் கதைப் பகுதி ஓடுகிறது என்பது ஓர் ஆறுதல். 2015இலிருந்து அந்த ஆட்டத்தை வாங்கியவர்களில் எத்தனை பேர் கதைக்காக மட்டும் வாங்கினார்கள் என்பது வேறு கேள்வி.

வெளியே தள்ளுவதைவிடக் கொடியது ஒன்று உண்டு, லினக்ஸ்காரர் என்பதாலேயே அழுகுணி என்று முத்திரை குத்துவது. 2006 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டை, விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டும் செடேகா வழியாக ஆடியவர்களின் கணக்குகளை, அதைச் செய்த பிளிசார்டின் காவல் நிரல் தவறாகப் பிடித்து முடக்கியது. புகார் குவிந்தது, கம்பெனி பரிசீலித்துக் கணக்குகளைத் திருப்பிக் கொடுத்தது. நல்லது. ஆனால் டெஸ்டினி 2, 2022இல் ஸ்டீம் டெக்கைப் பற்றிச் சொன்னது வேறு மாதிரி: ஆதரவு இல்லை, சுற்றி வளைத்து நுழையப் பார்த்தால் கணக்குக்கே தடை. முன்கூட்டியே சொன்னார்கள் என்ற மட்டில் சரி. நுழைய விடாமல் தடுக்கலாம், அது அவர்கள் வீடு. தப்பான சாவியைப் போட்டுப் பார்த்தவனைத் திருடன் பட்டியலில் சேர்ப்பது மட்டும் எனக்கு ஜீரணமாகவில்லை.

ஆள் குறைவு என்பதற்கு வருகிறேன். பல வருடம் ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் 1 சதவீதத்தைச் சுற்றியே சுழன்றது. 2018 ஆகஸ்டில் புரோட்டான், 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக், இரண்டும் சேர்ந்து தூக்கிவிட்டு, 2025 அக்டோபரில் 3 சதவீதத்தைத் தாண்டியது. விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதும் அதே மாதம். (டெக்கை வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. டெக்குக்கு இறைத்த தண்ணீர்தான் நம் பழைய லேப்டாப்புகளுக்கும் கசிகிறது.) லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் வேன்கார்டைப் போட்ட 2024இல் ரயட் சொன்ன கணக்குப்படி, ஒரு நாளைக்கு லினக்ஸில் ஆடியவர்கள் சுமார் 800 பேர்தான். உலகின் மிகப் பெரிய ஆட்டங்களில் ஒன்றில் 800 பேர். அந்த 800 பேருக்காகத் தனிக் காவல் நிரல் எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கம்பெனிகள் இன்னொரு கணக்கைத் தவறவிடுகின்றன. டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற விண்வெளி ஆட்டத்தைச் செய்தவர் 2021இல் தன் கணக்கை விரித்துக் காட்டினார். விற்றது 12,000 சொச்சம், அதில் லினக்ஸ்காரர்கள் 700 பேர், 5.8 சதவீதம். வந்த பக் ரிப்போர்ட் ஆயிரத்துச் சொச்சம், அதில் 400 அவர்களிடமிருந்து, 38 சதவீதம். இதை மட்டும் கேட்டால் தலைவலிக் கூட்டம் என்று தோன்றும். ஆனால் அந்த 400இல் லினக்ஸில் மட்டும் வரும் பிழைகள் மூன்றே மூன்று. மற்றதெல்லாம் விண்டோஸ்காரனுக்கும் வரும் பிழை, அவன் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பான். இவர்கள் லாக் கோப்பு, எப்படித் திரும்ப வரவைப்பது என்ற படிகள் எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். இலவசமாகக் கிடைத்த சோதனைப் பிரிவு என்று அவர் மகிழ்ந்தார். எதிர் அனுபவமும் உண்டு, மறைக்கக் கூடாது. பிளானட்டரி அன்னைஹிலேஷன் ஆட்டத்தில் பணியாற்றிய ஒருவர், லினக்ஸ் விற்பனை 0.1 சதவீதம், கிராஷும் சப்போர்ட் டிக்கெட்டும் 20 சதவீதம், பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் தொல்லை என்று எழுதினார். இரண்டும் உண்மைதான். சின்னக் குழுவுக்கு எது வாய்க்கும் என்பது ஆட்டத்தையும் காலத்தையும் பொறுத்தது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, லினக்ஸ்காரர்களுக்குப் பிடிக்காது. புரோட்டான் வந்த பிறகு இலை போட்டது யார் என்பதே குழப்பமாகிவிட்டது. ஸ்டீம் டெக்கில் தெரியும் அந்தப் பச்சை டிக் வால்வ் கொடுப்பது, ஆட்டத்தைச் செய்தவர் கொடுப்பது அல்ல. விண்டோஸுக்கென்று விற்ற ஆட்டத்தை நாம் புரோட்டானில் ஓட்டுகிறோம், நாளை உடைந்தால் செய்தவரைத் திட்டுகிறோம். அவர் நம்மை அழைக்கவே இல்லையே. பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார். இந்த இடத்தில் லேரியன் செய்தது எனக்குப் பிடித்தது. 2025 செப்டம்பரில் பால்டர்ஸ் கேட் 3க்கு டெக்கில் நேரடியாக ஓடும் பதிப்பு கொடுத்தார்கள். கூடவே, லினக்ஸுக்குப் பொதுவாக எங்கள் ஆதரவு கிடையாது, இந்தப் பதிப்பு டெக்குக்கு மட்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அது நம் டெஸ்க்டாப்பிலும் ஓடும், ஓடாவிட்டால் அவர்களைக் கேட்க முடியாது. முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு இது போதும்.

ஆக உங்கள் விஷயத்தில் நான் முதலில் கேட்பது, அந்த ஆட்டம் எப்படி உங்களிடம் வந்தது என்பதைத்தான். ஸ்டோர் பக்கத்தில் லினக்ஸ் அடையாளம் இருந்து வாங்கினீர்களா? கம்பெனி தன் வாயால் டெக்கில் ஓடும் என்று அறிவித்ததா? ஆம் என்றால் உங்கள் வழக்கு வலுவானது. ஸ்டீமின் வழக்கமான ரீஃபண்ட் விதி, வாங்கி 14 நாள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்பது. அதைத் தாண்டியிருந்தாலும் சப்போர்ட் டிக்கெட் போடுங்கள், விற்றபோது இருந்த ஆதரவு பின்னால் எடுக்கப்பட்டது என்று தேதியோடு எழுதுங்கள். "லினக்ஸ் சமூகத்தை அவமதித்துவிட்டீர்கள்" என்று தொடங்காதீர்கள், படிக்கிறவர் மாதச் சம்பளக்காரர். இந்தியாவில் இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. வாங்கும் பொருளைப் பற்றிய தகவல் அறியும் உரிமையும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு எதிரான பிரிவுகளும் அதில் உண்டு. ஒரு கேமுக்காக அந்த வழியில் போவது கொசுவுக்குப் பீரங்கிதான், இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஆட்டத்தைப் புரோட்டானில் ஓட்டியவர் என்றால், கம்பெனியிடம் மரியாதையாகக் கேட்டுப் பார்க்கலாம், அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எனக்கும் ஒருமுறை நடந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். லினக்ஸ் அடையாளத்தோடு வாங்கிய ஆட்டம், ஒன்றரை வருடம் கழித்து ஓர் அப்டேட்டில் அந்த அடையாளம் சத்தமில்லாமல் காணாமல் போனது. முதல் டிக்கெட்டுக்கு வந்த பதில், விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள் என்பது. இரண்டாவதற்கும் அதேதான், எழுத்து மாறாமல். மூன்றாவதில் வாங்கிய நாளின் ரசீதையும், ஸ்டோர் பக்கத்தை அன்று எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து, நாலே வரி எழுதினேன். பதினொரு நாள் கழித்து வாலட்டில் காசு ஏறியிருந்தது, பதில் கடிதம் எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து எந்த ஆட்டம் வாங்கினாலும் முதலில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துவிட்டுத்தான் காசு கட்டுகிறேன்.